குப்பி எடுப்பது எப்படி: பேராதனையில் முதலாம் ஆண்டைக் கூடிப் படித்துக் கடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்தரத்தைத் தமிழில் படித்து, வெட்டுப்புள்ளியைத் தாண்டி, ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேரும் மாணவருக்கு முதல் மாதத்திலேயே மூன்று அடி விழும். பொறியியல், மருத்துவம், விஞ்ஞானம் என்றால் விரிவுரை முழுக்க ஆங்கிலத்தில். ரியூஷனில் போல ஒரே கணக்கைப் பத்துத் தடவை செய்து காட்ட இங்கே ஆளில்லை. மூன்றாவது அடிதான் உள்ளே இறங்குவது: பாடசாலையில் முதலாவதாக வந்த ஒருவர், அப்படி முதலாவதாக வந்தவர்களால் மட்டுமே நிரம்பிய மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த மூன்றுக்கும் இலங்கைப் பல்கலைக்கழக மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்த மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் குப்பி. போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டு எரித்த குப்பி விளக்கிலிருந்து வந்த சொல் அது. ஒரு விளக்கைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தால் அது குப்பி. தேயிலைத் தோட்டத்து லயன் அறையில் மின்சாரம் வருவதற்கு முன் படித்த தலைமுறைக்கு அந்த விளக்கைப் பற்றி விளக்கம் தேவையில்லை. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே சொல்லைத்தான் பாவிக்கிறார்கள்.

குப்பி என்றதும் பலர் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு சீனியர் அண்ணா ஒருவர் அறுபது பேருக்கு இரவிரவாக எடுக்கும் வகுப்பையே நினைக்கிறார்கள். அது அவசர சிகிச்சை. இந்த வழிகாட்டி பேசுவது கிழமைதோறும் நான்கு முதல் ஆறு பேர் கூடும் சின்னக் குப்பியைப் பற்றி. பெறுபேற்றை மாற்றுவது அதுதான்.

முதலில் கணக்கைப் பாருங்கள்

பெரும்பாலான பாடங்களில் தரம், நீங்கள் எடுக்கும் புள்ளி எந்த எல்லைக்குள் விழுகிறது என்பதைப் பொறுத்தது. பக்கத்துக் கதிரையில் இருப்பவர் ஏ எடுத்தால் உங்கள் ஏ பறிபோகாது. ஆகவே நோட்ஸை ஒளித்து வைப்பதால் ஒருவருக்கும் ஒரு புள்ளிகூடக் கூடுவதில்லை.

போட்டி உண்மையாக இருக்கும் இடங்களும் உண்டு, அவற்றைத் தெரிந்து வைத்திருங்கள். பொறியியலில் முதலாம் ஆண்டு எல்லோருக்கும் பொதுவானது. அதன் பெறுபேற்றையும் உங்கள் விருப்ப வரிசையையும் வைத்தே குடிசார், மின், கணினி, இயந்திரவியல் என்று துறைகளுக்குப் பிரிக்கிறார்கள். விஞ்ஞான, கலைப் பீடங்களில் சிறப்புப் பட்டத்துக்கு இடம் கிடைப்பது தொடக்க ஆண்டுகளின் பெறுபேற்றால். மருத்துவத்தில் உள்ளகப் பயிற்சி இடமே நாடு முழுவதற்குமான பொதுத் தரவரிசைப்படி கிடைக்கிறது. இந்த வாசல்கள் எல்லாவற்றிலும் நிற்பவர்கள் நூற்றுக்கணக்கானோர். உங்கள் குப்பியில் இருக்கும் ஐந்து பேரை முந்துவதால் அந்த வரிசை அசையாது. ஐந்து பேரும் சேர்ந்து மேலே ஏறுவதால் அசையும்.

அடுத்தது ஜிபிஏ, அதாவது தரப்புள்ளிச் சராசரி. ஒவ்வொரு பாடத்தின் தரமும் அதன் கிரெடிட்டால், அதாவது பாடத்தின் பருமனைக் காட்டும் எண்ணால், நிறுத்துப் பார்க்கப்படுகிறது. ஏ என்றால் 4.0, பி பிளஸ் 3.3, பி 3.0, சி 2.0. மூன்று கிரெடிட் பாடத்தில் பி பிளஸும் இரண்டு கிரெடிட் பாடத்தில் சியும் எடுத்தால் 9.9 உடன் 4.0ஐக் கூட்டி ஐந்தால் வகுக்க வேண்டும். விடை 2.78.

இப்போது முக்கியமான கணக்கு. ஒரு செமஸ்டருக்கு 15 கிரெடிட் என்று வையுங்கள். முதல் செமஸ்டரில் 2.5 எடுத்த ஒருவர் ஆண்டு முடிவில் 3.3 வேண்டுமென்றால் இரண்டாவது செமஸ்டரில் 4.1 எடுக்க வேண்டும். அதிகபட்சமே 4.0. அதாவது முதல் செமஸ்டர் முடிந்தபோதே அந்த ஆண்டின் கதவு சாத்தப்பட்டுவிட்டது. அதே ஆள் 120 கிரெடிட் கொண்ட நாலு வருடப் பட்டம் முழுவதிலும் 3.3ஐப் பிடிக்க, மீதி 105 கிரெடிட்டிலும் சராசரியாக 3.41 எடுத்தால் போதும். கடினம், ஆனால் நடக்கக்கூடியது. முதல் செமஸ்டரைப் பழகிப் பார்க்கும் காலமாக விட்டுவிடாதீர்கள் என்று சொல்வதற்கும், சறுக்கியவர் கைவிட வேண்டாம் என்று சொல்வதற்கும் இந்த ஒரே கணக்கு போதும்.

எந்த வருடத்துப் பெறுபேறு இறுதிச் சராசரியில் சேரும், திரும்ப எழுதும் பாடத்துக்கு அதிகபட்சம் என்ன தரம் கிடைக்கும் என்பவை பீடத்துக்குப் பீடம் வேறுபடும். திரும்ப எழுதினால் சியைத் தாண்ட முடியாது என்ற விதி பல இடங்களில் உண்டு. பீடக் கையேட்டை முதல் கிழமையிலேயே எடுத்து இந்த இரண்டு பக்கங்களையும் படம் பிடித்து வையுங்கள்.

ஆட்களைச் சேர்த்தல்

நாலு பேருக்குக் குறைந்தால் ஒருவர் ஊருக்குப் போன கிழமையில் குப்பி நின்றுவிடும். ஆறைத் தாண்டினால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஐந்து நல்ல எண்ணிக்கை.

ஒரே ஊர், ஒரே பாடசாலை என்று மட்டும் சேராதீர்கள். நுவரெலியாவிலிருந்து ஐந்து பேர் சேர்ந்தால் ஐந்து பேருக்கும் ஒரே இடத்தில்தான் ஓட்டை இருக்கும். விரிவுரையைத் தவறவிடாதவர் ஒருவர், ஆங்கிலம் ஓரளவு ஓடுபவர் ஒருவர், கணிதத்தில் பிடிப்புள்ளவர் ஒருவர், ஆய்வுகூட வேலையில் கை நேர்த்தியானவர் ஒருவர் என்று பாருங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டி எங்கிருந்து வந்தாலும் சரி. சிங்கள நண்பர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது: அவர்களுடைய குப்பிகளில் ஓடும் நோட்ஸ் உங்களுக்கும் வரும், உங்களுடையது அங்கே போகும், எல்லோரும் வேறு வழியின்றி ஆங்கிலத்தில் பேசுவீர்கள்.

“கோட்டாவில் வந்தவர்கள்” என்று யாராவது சொல்லக் கேட்டால் உண்மையைத் தெரிந்து வைத்திருங்கள். கலைத்துறை நீங்கலாகப் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்டப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்தப் பதினாறுக்குள் அடக்கம். உள்ளே வந்தபின், அனுமதிக்குப் பார்த்த உயர்தர இசட் புள்ளிக்கு எந்த வேலையும் இல்லை. விடைத்தாளில் சுட்டெண் மட்டும்தான் இருக்கும்.

இடமும் நேரமும்

பொறியியல் பீடம் மகாவலிக்கு அக்கரையில், கலை, விஞ்ஞானப் பீடங்கள் இக்கரையில், கலஹா வீதியோரம். வெவ்வேறு விடுதிகளில் இருப்பவர்கள் சேர்வதென்றால் அக்பர் பாலத்தைக் கடந்து நடக்கும் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு மழை பிடித்தால் இரண்டு பேர் வரமாட்டார்கள். அதனால் கடைசி விரிவுரை முடிந்த உடனேயே, பீடத்திலேயே வெறுமையாக இருக்கும் ஒரு வகுப்பறையில் கூடுவது நல்லது. வெண்பலகை இருக்க வேண்டும், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். கன்ரீன் மேசை அரட்டைக்கு நல்லது, நூலகத்தில் சத்தம் போட முடியாது, விடுதி அறையில் ஒருவர் கட்டிலில் சாய்ந்த பத்தாவது நிமிடம் தூங்கிவிடுவார்.

கிழமைக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம். எவ்வளவு படிக்க வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150. அதில் விரிவுரை 45 போனால் மீதி 105 உங்களுடையது; 15 கிழமைக்குப் பிரித்தால் ஒரு பாடத்துக்குக் கிழமைக்கு ஏழு மணித்தியாலம். குப்பி அந்த ஏழில் ஒரு பகுதிதான். தனியாகப் படிக்காமல் குப்பிக்கு மட்டும் வருபவர் மற்றவர்களுடைய நேரத்தைச் சாப்பிடுகிறார்.

இரண்டு மணித்தியாலத்தை எப்படிப் பிரிப்பது

முதல் 15 நிமிடம்: கொப்பி மூடியிருக்க, அந்தக் கிழமை விரிவுரையில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் மூன்று வரி சொல்ல வேண்டும். விளங்காத இடங்களைப் பலகையின் ஓரத்தில் எழுதுங்கள். இதைத் தவிர்த்தால் விளங்கியவர் தனக்குப் பிடித்ததைப் பேசுவார், விளங்காதவர் தலையாட்டுவார்.

அடுத்த 50 நிமிடம் ஒருவர் எடுக்க வேண்டும். யார் எடுப்பது என்பதை முந்திய கிழமையே தீர்மானியுங்கள், முறை வைத்து மாற்றுங்கள். எப்போதும் கெட்டிக்காரரே எடுத்தால் அவர் இன்னும் கெட்டிக்காரர் ஆவார், மற்றவர்கள் அப்படியே இருப்பார்கள், ஏனென்றால் சொல்லிக்கொடுக்கத் தயாராகும்போதுதான் பாடம் உள்ளே இறங்குகிறது. ஒரு மணித்தியாலக் குப்பிக்குக் குறைந்தது இரண்டு மூன்று மணித்தியாலம் தயார் செய்ய வேண்டும். ஓர் எண்ணக்கருவும் மூன்று கணக்கும் போதும்: ஒன்று இலகு, ஒன்று டியூட்டில் (விரிவுரையாளர் தரும் பயிற்சித்தாளில்) வந்தது, ஒன்று கடந்தகால வினாத்தாளில் வந்தது.

பத்து நிமிடம் தேநீர். பிறகு 35 நிமிடம் ஒருவரும் பேசக்கூடாது. ஒரு பரீட்சைக் கேள்வியை ஒவ்வொருவரும் தனியாக, ஆங்கிலத்தில், பேனையால் எழுத வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் தாள்களை மாற்றித் திருத்துங்கள்.

அந்த 35 நிமிடத்தைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள். தமிழ் மாணவர்களின் குப்பி தோற்பது பெரும்பாலும் அங்கேதான். விளக்கம் தமிழில் நடப்பதில் எந்தத் தவறும் இல்லை, தாய்மொழியில் விளங்கியது நிலைக்கும். ஆனால் செமஸ்டர் முழுக்கத் தமிழில் பேசி, ஆங்கிலத்தில் ஒரு பந்திகூட எழுதாமல் பரீட்சை மண்டபத்துக்குப் போனால் விடை மனதில் இருக்கும், கை ஓடாது. ஆகவே விதி இதுதான்: வாயால் தமிழ், பலகையில் ஆங்கிலம். கலைச்சொல்லை ஒருபோதும் தமிழில் மட்டும் எழுதாதீர்கள். உயர்தரத்தில் “உந்தம்”, “முறுக்கம்”, “வலுவளவு” என்று படித்தவற்றுக்கு நேரான ஆங்கிலச் சொற்களைப் பக்கத்தில் எழுதி ஒரு பட்டியல் தொடங்குங்கள். கிழமைக்கு இருபது சொல் சேர்ந்தால் ஒரு செமஸ்டரில் முந்நூறு. முதலாம் ஆண்டுப் பாடங்களுக்கு அது பெரும்பாலும் போதும்.

கலைப்பீடத்தில் தமிழ்மொழி மூலம் படிப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை வேறு உருவத்தில் வரும்: விரிவுரை தமிழில், நூலகத்தில் வாசிக்க வேண்டிய கட்டுரைகள் ஆங்கிலத்தில். அங்கே ஐந்து பேரும் ஆளுக்கொரு கட்டுரையை வாசித்து, ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். சுருக்கத்தில் பக்க எண் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரையில் மேற்கோள் காட்ட முடியாது.

ஓர் உதாரணம்: எல்லை

உயர்தர இணைந்த கணிதத்தில் எல்லையை (லிமிட்) கணித்து விடை எழுதினோம். பல்கலைக்கழகக் கணிதம் அதை நிறுவச் சொல்கிறது. முதலாம் ஆண்டில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது, நல்ல குப்பிக்கு ஏற்ற இடமும்கூட.

எக்ஸ் 2ஐ நெருங்கும்போது, 3எக்ஸ் + 1 என்பது 7ஐ நெருங்குகிறது என்று நிறுவ வேண்டும். இரண்டைப் போட்டால் ஏழு வருகிறது என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. கேட்கப்படுவது இது: 7இலிருந்து எவ்வளவு சிறிய இடைவெளி, அதாவது எப்சிலன், தந்தாலும், 2ஐச் சுற்றி எவ்வளவு நெருக்கமாக, அதாவது டெல்ட்டா, நின்றால் அந்த இடைவெளிக்குள் இருக்கலாம்? 3எக்ஸ் + 1இலிருந்து 7ஐக் கழித்தால் 3எக்ஸ் − 6. அது எக்ஸ் − 2இன் மூன்று மடங்கு. ஆகவே டெல்ட்டாவை எப்சிலனின் மூன்றில் ஒன்றாக எடுத்தால் போதும்.

குப்பி எடுப்பவர் இதைச் சொல்லிவிட்டு நிறுத்தக்கூடாது. “3க்குப் பதிலாக 5 இருந்தால் டெல்ட்டா என்ன?” என்று கேளுங்கள். எப்சிலனின் ஐந்தில் ஒன்று என்று உடனே வந்தால் விளங்கியிருக்கிறது. பிறகு எக்ஸ் வர்க்கத்தைக் கொடுங்கள். இம்முறை மடங்கு நிலையாக இருக்காது, எக்ஸோடு சேர்ந்து மாறும். அங்கே எல்லோரும் நிற்பார்கள். அப்படி நிற்கும் இடத்தைத் தேடித்தான் குப்பிக்கு வந்திருக்கிறீர்கள். பத்து நிமிடம் மௌனமாக யோசிக்க விடுங்கள், விடையைச் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

கடந்தகால வினாத்தாள்கள்

ஐந்து வருடத்துத் தாள்களை எடுங்கள். ஒரு பெரிய தாளில் பாட அலகுகளை இடப்பக்கமும் வருடங்களை மேலேயும் எழுதி, எந்தக் கேள்வி எங்கே வந்தது என்று கட்டங்களை நிரப்புங்கள். எதை முதலில் படிப்பது என்பது அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். விரிவுரையாளர் மாறியிருந்தாலோ பாடத்திட்டம் திருத்தப்பட்டிருந்தாலோ பழைய தாளின் பெறுமதி குறையும், அதைக் கட்டத்தின் மேல் குறித்து வையுங்கள்.

சீனியர்கள் தரும் விடைகளை நம்பி மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு பிழையான விடை போட்டோ கொப்பியிலும் வாட்ஸ்அப்பிலும் நாலு பேட்ச் கைமாறி, அதே பிழையோடு நாற்பது விடைத்தாள்களில் வந்து உட்காரும். முதலில் நீங்கள் செய்து பாருங்கள், பிறகு ஒப்பிடுங்கள். விடை வேறுபட்டால் சேரிடமோ மிஸ்ஸிடமோ போய்க் கேளுங்கள். “விளங்கவில்லை” என்று போவதைவிட, “இந்த வரி வரை செய்தேன், இங்கிருந்து இரண்டு விடை வருகிறது” என்று தாளோடு போனால் எந்த விரிவுரையாளரும் உட்கார வைத்து விளக்குவார்.

ஒப்படைகளிலும் ஆய்வுகூட அறிக்கைகளிலும் எல்லை தெளிவாக இருக்கட்டும். முறையைப் பற்றி எவ்வளவும் பேசலாம், எழுதும்போது அவரவர் அறையில் அவரவர் எழுத வேண்டும். ஒரே வாசகம் இரண்டு அறிக்கையில் வந்தால் கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் சேர்த்தே புள்ளி போகும்.

குப்பி உடையும் இடங்கள்

ஏழாம் கிழமை அளவில், இடைப் பரீட்சைக்குச் சற்று முன்னர், பெரும்பாலான குப்பிகள் தளரும். ஒருவர் தயார் செய்யாமல் வருவார். முதல் தடவை பேசாமல் விடுங்கள், இரண்டாம் தடவை அவருக்கு மிகச் சிறிய பகுதியைக் கொடுங்கள். காரணம் சோம்பேறித்தனம் அல்ல, பயமாக இருக்கலாம். பிழை விடுபவரைப் பார்த்துச் சிரிக்கும் ஒருவர் இருந்தால் மட்டும் அன்றே தனியாகப் பேசுங்கள். ஆங்கிலத்தில் தடுமாறும் தோட்டத்துப் பிள்ளை ஒருதடவை சிரிப்புக்கு ஆளானால் அந்த செமஸ்டர் முழுக்க வாய் திறக்காது.

நோட்ஸை யாருக்குக் கொடுப்பது என்ற சண்டையும் வரும். பேட்ச் முழுவதற்கும் கொடுங்கள். படம் எடுத்துப் பொதுக் குழுவில் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. நோட்ஸை வாங்கியவர்கள் அதில் இருக்கும் பிழையைச் சொல்வார்கள், அதுவே பெரிய இலாபம்.

குப்பியும் பகிடிவதையும்

இதை மறைக்காமல் எழுத வேண்டும். பகிடிவதைக்கு, அதாவது புதிய மாணவர்களைச் சீனியர்கள் துன்புறுத்தும் ராகிங்குக்கு, உடன்படாத மாணவர்களை ஒதுக்கி, குப்பியும் நோட்ஸும் தரமாட்டோம் என்று மிரட்டும் வழக்கம் நமது பல்கலைக்கழகங்களில் உண்டு. முதலாம் ஆண்டு மாணவர் பணிந்து போவதற்கு அந்தப் பயம் ஒரு பெரிய காரணம். பேராதனைக்கு இதில் கொடிய வரலாறு இருக்கிறது: 1975இல் பகிடிவதைக்குத் தப்ப இராமநாதன் விடுதி மாடியிலிருந்து குதித்த ரூபா ரத்னசீலி முடமானார். 1997இல் பொறியியல் மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

ஐந்து பேர் கொண்ட சொந்தக் குப்பி இருந்தால் அந்த மிரட்டலின் பல் பிடுங்கப்படுகிறது. வினாத்தாள்கள் நூலகத்தில் கிடைக்கும். விளக்கம் தர விரிவுரையாளர்களும் போதனாசிரியர்களும் இருக்கிறார்கள். பணியச் சொல்லாமல் உதவும் அண்ணாமாரும் அக்காமாரும் ஒவ்வொரு பேட்சிலும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள். எதாவது நடந்தால் நாள், நேரம், இடம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றிரவே எழுதி வைத்து, மாணவ ஆலோசகரிடமோ பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமோ முறையிடுங்கள். மனம் தாங்காத இரவுகளில் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இணைப்பு.

பணமும் ஊரும்

மகாபொல புலமைப்பரிசில் பணம் முதல் மாதமே கைக்கு வராது. தவணை தொடங்கிப் பல கிழமை கழித்து வரும் என்று எண்ணி விடுதிக் கட்டணம், சாப்பாடு, போட்டோ கொப்பிக்கு இரண்டு மூன்று மாதச் செலவைக் கையில் வைத்திருங்கள். கண்டியிலோ கம்பளையிலோ ரியூஷன் எடுத்து உழைப்பவர்கள் கிழமைக்கு ஆறு மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் முதலில் வெட்டுப்படுவது விரிவுரை வரவு, 80 வீதத்துக்குக் கீழே போனால் பரீட்சைக்கே உட்கார முடியாமல் போகலாம். கிழமைதோறும் ஊருக்குப் போவதையும் குறையுங்கள். வெள்ளி பின்னேரம் ஹட்டன் பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்பினால் களைப்போடு திங்கட்கிழமையும் போய்விடும். மாதம் ஒருதடவை போதும், வீட்டில் சொல்லிப் புரிய வையுங்கள்.

விடுமுறைக்குப் போகும்போது குப்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். தோட்டப் பாடசாலைகளில் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பாடங்களுக்கு ஆசிரியர் இல்லாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. ஐந்து பேரில் இரண்டு பேர் ஒரே பக்கத்தவர் என்றால் மூன்று நாள் போதும். அதிபரிடம் இரண்டு கிழமை முன்பே அனுமதிக் கடிதம் கொடுங்கள். முதல் நாள் ஒரு வினாத்தாள் எழுத வைத்துத் திருத்துங்கள், இரண்டாம் நாள் அதில் அதிகம் பேர் விட்ட இரண்டு அலகுகளை மட்டும் எடுங்கள், மூன்றாம் நாள் அதே அலகுகளில் வேறு கேள்விகள். எல்லா அலகையும் மூன்று நாளில் முடிக்கப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கொப்பி மட்டும்தான் நிறையும். மதியச் சாப்பாட்டை கோயில் மண்டபத்திலோ பெற்றோர் சங்கத்திலோ பேசிக்கொள்ளுங்கள். தேயிலைக் கொழுந்து கூடிய மாதத்தில் பிள்ளைகள் வீட்டு வேலைக்கு நிற்பார்கள் என்பதால் காலை எட்டுக்குப் பதிலாக ஒன்பதுக்குத் தொடங்குங்கள், மூன்று மணிக்கு முடியுங்கள், தோட்டத்தின் தூரத்து டிவிஷன் (பிரிவு) பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேர வேண்டும்.